மறதிக்குக் காரணம் பேயா? விதியா?

(திண்டுக்கல்லில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



எச்.ஐ.வி. என்னும் வியாதியைப் பற்றி ஏதாவது இரண்டொரு வார்த்தை பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டருமல்ல, பட்டம் வாங்கினவனுமல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிறகு வாசகசாலையிலும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டவன். ஆகவே, நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பிவிட வேண்டாம். கேளுங்கள், யோசியுங்கள், ஆஸ்பத்திரியில் போய் விசாரியுங்கள், சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாதி எப்படிப் பரவுகிறது என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். சுவர் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், தெருக்கூத்துப் பார்த்திருப்பீர்கள். ஆனதால் அதைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. இந்த வியாதிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு, நம்மைப் போலவே வேலைவெட்டி செய்து, குடும்பம் நடத்தி வருகிறவர்களுடைய மூளைக்கு என்ன நேருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால், இந்த ஓர் இடத்தில்தான் மந்திரவாதியும், சோதிடனும், ஊர் வம்பும் இன்னும் ஆட்சி செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1986-ம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற அம்மையாரின் மேற்பார்வையில், நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அவற்றில் ஆறில் இந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவிலேயே இது முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில், இரண்டு பெண்களுடைய உழைப்பினால். "எங்கள் புண்ணிய பூமியில் அந்த வியாதி வராது" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு வாயடைத்துப் போனார்கள்.

அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. 1996-க்குப் பிறகு மேல்நாடுகளில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஒரு வருஷத்து மருந்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2001-ல் நம் பம்பாயிலுள்ள சிப்லா கம்பெனி அதையே வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொல்லிற்று. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சர்க்கார் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரி அதில் முதல் வரிசையில் நின்றது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்தவுடனேயே மருந்து கொடுப்பதென்றும் ஏற்பாடாயிற்று. எந்தக் கடவுளும் இறங்கி வந்து இதைச் செய்யவில்லை, மனிதன் செய்தான்.

இதனால் என்ன ஆயிற்று? முப்பது வயதில் "ஆறு மாதம்தான்" என்று கைவிடப்பட்டவர்கள் இன்று ஐம்பது வயதில் பேரன் பேத்தியை எடுத்துக் கொஞ்சுகிறார்கள். இந்தியாவில் இப்பொழுது இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். முன்பெல்லாம் "சாவானா, பிழைப்பானா?" என்பது கேள்வி. இப்பொழுதோ "நல்ல புத்தித் தெளிவோடு பிழைப்பானா?" என்பது கேள்வியாக இருக்கிறது.

நிற்க, எனக்குத் தெரிந்த ஒரு தோழரைப் பற்றிச் சொல்லுகிறேன். அவருடைய சம்மதம் பெற்றுத்தான் சொல்லுகிறேன். பேரும் தெருவும் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு இந்த வியாதி இருக்கிறதென்று அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாதென்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அயோக்கியத்தனம்தான்.

அவர் பூட்டுத் தொழிலாளி. நம் திண்டுக்கல் பூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, இந்தச் சாவிக்கு இந்தப் பூட்டுத்தான் என்று பொருத்துவது கண்ணும் கையும் மூளையும் ஒன்றாய்ச் சேர்ந்து செய்கிற வேலை. அவர் பத்து வருஷமாக ஒரு நாளும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வருஷமாக வேலை ஓடவில்லை. ஒரு நாளில் முடிக்கிற பூட்டு மூன்று நாள் ஆயிற்று. ஒரு பூட்டின் லீவரை எடுத்து இன்னொன்றில் வைத்துவிடுவார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் நிற்பார். யாரோடும் பேச்சில்லை. அவருடைய சம்சாரம் என்னிடம் வந்து, "அண்ணே, இவருக்கு யாரோ செய்வினை வைச்சிருக்காங்களாம்ண்ணே, நாப்பத்தெட்டு நாள் விரதம் இருக்கணுமாம், அதுவரைக்கும் இங்கிலீஷ் மருந்து ஆகாதாம்" என்று அழுதது.

அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. "செய்வினையும் இல்லை, ஒன்றும் இல்லை, திருட்டுத்தனமாகக் குடிக்கிறாரா என்று பார், தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூட நம்பிக்கையை எதிர்த்துவிட்டதாக எனக்குள்ளே பெருமை வேறு! வாஸ்தவத்தில் நான் செய்தது என்ன? மந்திரவாதி "பேய்" என்றான்; நான் "குணக்கேடு" என்றேன். இரண்டு பேரும் காரணத்தைத் தேடவில்லை. பேயை நம்பாதது மட்டும் பகுத்தறிவாகிவிடாது, தோழர்களே! காரணத்தைத் தேடுவதுதான் பகுத்தறிவு. நான் அன்றைக்கு "மருந்தை நிறுத்தாதே, வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர்கள் மருந்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

மருந்தை நிறுத்துவது என்றால் சாமானியமல்ல. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிடலாமா என்று 33 தேசங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இடையிடையே நிறுத்தினவர்களிடத்தில் வியாதியும் சாவும் அதிகமாயிருக்கக் கண்டு, 2006-ல் அந்தப் பரிசோதனையையே பாதியில் நிறுத்தி, எல்லாருக்கும் தொடர்ந்து மருந்து கொடுக்கும்படி செய்துவிட்டார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதி என்றால், உடுக்கடிப்பவன் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, மூளைக்குள் நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். இந்தக் கிருமி உடம்பில் புகுந்த சில நாட்களுக்குள்ளேயே மூளைக்கும் போய்விடுகிறது. மூளைக்கு ஒரு காவல் உண்டு. ரத்தத்தில் உள்ள கண்டதெல்லாம் உள்ளே போகாதபடி ரத்தக் குழாய்களின் சுவரே அங்கே வேலி போட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கிருமி, காவற்காரர்களைப் போல் உடம்பெங்கும் சுற்றிவரும் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு அந்த வேலியைத் தாண்டிவிடுகிறது. உள்ளே போய் நினைவுக்கும் யோசனைக்கும் உரிய நரம்பு அணுக்களை அது நேராகப் பிடிப்பதில்லை. அவற்றுக்குப் பக்கத்திலிருந்து காவல் செய்யும் அணுக்களைப் பிடிக்கிறது. அந்த அணுக்கள் விஷப் பொருள்களைக் கக்குகின்றன. அந்த விஷமும் அதனால் ஏற்படும் அழற்சியும் நரம்பு அணுக்களைக் கெடுக்கின்றன. பக்கத்து வீட்டில் பிடித்த தீயின் புகையால் நம் வீட்டிலுள்ளவர்களுக்கு மூச்சு முட்டுகிற மாதிரிதான்.

இதனால் ஏற்படும் கோளாறு, வயதானவர்களுக்கு வருகிற சாதாரண ஞாபக மறதி மாதிரி இருப்பதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளின் பேர் மறந்து போவதில்லை. எல்லாம் மெதுவாகிவிடும். யோசனை மெதுவாகும், விரல் மெதுவாகும், நடை தடுமாறும், ஒரே சமயத்தில் இரண்டு காரியம் பார்க்க முடியாது, எதிலும் அக்கறை குறையும். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனம் போலவும், திமிர் போலவும், பேய் பிடித்தது போலவும் தோன்றும். அந்தப் பூட்டுத் தொழிலாளிக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நம் நாட்டுக் கிருமி வேறு ஜாதி, அது மூளையைத் தொடாது" என்று ஒரு பேச்சுக் கூட ஒரு காலத்தில் இருந்தது. இந்தியாவில் பெரும்பாலும் இருப்பது 'சி' வகைக் கிருமி. அதனுடைய 'டாட்' என்னும் புரதத்தில் சிறு மாறுதல் ஒன்று இருப்பதை, பெங்களூரில் உதயகுமார் ரங்கா என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 2004-ல் எடுத்துக் காட்டினார்கள். அதனால் இந்த வகைக் கிருமி மூளையை அவ்வளவாகக் கெடுக்காமலிருக்கலாம் என்ற எண்ணம் ஏற்பட்டது. ஆனால் விஞ்ஞானம் ஒருவர் சொன்னதை வேதமாக வைத்துப் பூஜை செய்வதில்லை. அதே பெங்களூரில் நிம்ஹான்ஸ் டாக்டர்கள், மருந்து ஆரம்பிக்காத 119 பேருடைய ஞாபக சக்தியையும் யோசனை வேகத்தையும் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு லேசானதிலிருந்து நடுத்தரம் வரை குறைவு இருந்தது. கடுமையான குறைவு ஒருவருக்கும் இல்லை. ஆகவே, நம் நாட்டுக் கிருமியும் மூளையைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் எல்லாருக்கும் புத்தி போய்விடும் என்று பயப்பட வேண்டியதுமில்லை. கூட்டு மருந்து வந்த பிறகு, புத்தி முழுதும் மங்கிப்போகும் கடுமையான நிலை வெகு அபூர்வமாகிவிட்டது. ரத்தத்தில் கிருமியைக் காண முடியாத அளவுக்கு மருந்து அடக்கி வைத்திருந்தால், மூளைக்கும் அதுவே முதல் காவல்.

அப்படியானால் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட அந்தப் பூட்டுத் தொழிலாளிக்கு ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மருந்து ஆரம்பிப்பதற்கு முன் கிருமி மூளையில் செய்துவிட்ட காயத்தின் தழும்பு இருக்கலாம். வெகு நாள் கழித்து, உடம்பு இளைத்த பிறகு மருந்து ஆரம்பித்தவர்களுக்கு இது அதிகம். மருந்து சாப்பிட்டாலும் கொஞ்சம் அழற்சி மிச்சமிருக்கலாம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரும் மறதியெல்லாம் எச்.ஐ.வி.யினாலேயே வருவதல்ல என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு சுரப்பியின் குறைவு, பி12 என்னும் சத்துக் குறைவு, சாராயம், தூக்கமின்மை, மனச்சோர்வு இவை ஒவ்வொன்றும் மறதியை உண்டாக்கும். இவ்வளவும் சோதித்துப் பார்த்தும், பேசிப் பார்த்தும் கண்டுபிடித்து வைத்தியம் செய்யக் கூடியவை. முன்பு கொடுத்து வந்த எஃபாவிரென்ஸ் என்னும் மருந்தினால் சிலருக்குத் தலைசுற்றலும் கெட்ட கனவும் வந்தன. அதனால் இராத்திரியில் படுக்கப் போகும்போது சாப்பிடச் சொன்னார்கள். "இராத்திரியில் பேய் அமுக்குகிறது" என்று எத்தனை பேர் தாயத்துக் கட்டிக்கொண்டார்களோ! 2020 முதல் நம் நாட்டில் அதற்குப் பதிலாக டோலுடெக்ராவிர் என்னும் மருந்து சேர்ந்த மாத்திரை கொடுத்து வருகிறார்கள். பேயை ஓட்டியது உடுக்கையல்ல, மாத்திரையை மாற்றினதுதான்.

தோழர்களே! அந்தத் தோழர் கதையை முடித்துவிடுகிறேன். நாற்பத்தெட்டு நாளும் முடியவில்லை. காய்ச்சலும் தலைவலியுமாகத் திரும்பி வந்தார். அப்பொழுதுதான் எனக்குப் புத்தி வந்து, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் வெகு பொறுமையாகச் சோதித்தார். நாலு வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து விநாடியில் எத்தனை முறை தட்ட முடிகிறதென்று எண்ணினார். கையை மூடி மேஜைமேல் வைத்து, பிறகு விரித்து வைத்து, பிறகு பக்கவாட்டில் நிறுத்தி, வரிசை மாறாமல் செய்யச் சொன்னார். இவ்வளவுதான் முதற் சோதனை. எழுத்து வாசனை வேண்டியதில்லை, காசு வேண்டியதில்லை, ஐந்து நிமிஷம் போதும். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி மறுபடி பெருகியிருந்தது. தைராய்டும் பி12 சத்தும் இரண்டுமே குறைந்திருந்தன. ரத்தக் கொதிப்பும் இருந்தது. மருந்து மறுபடி ஆரம்பமாயிற்று. மற்றவற்றுக்கும் வைத்தியம் நடந்தது. எட்டு மாதத்தில் ஆள் தெளிந்தார். முழுக்கத் தெளிந்துவிட்டாரென்று நான் பொய் சொல்ல மாட்டேன். பழைய மாதிரி ஏழு லீவர் பூட்டு இப்பொழுது அவரால் முடியவில்லை. சாதாரணப் பூட்டுச் செய்கிறார். தன் கையால் சம்பாதிக்கிறார். சில்லறையைத் தானே எண்ணி வாங்குகிறார். இழந்த அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

சோதனையைப் பற்றி இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். பெரிய சோதனைகளில் எழுத்து, எண், கோடு என்று பலவும் வரும். பள்ளிக்கூடம் போகாதவன் அதில் குறைந்த மார்க்கு வாங்குவான். அதற்காக அவன் மூளை கெட்டுவிட்டதென்று சொல்லிவிடலாமா? கூடாதென்று 2023-ல் பல தேசத்து டாக்டர்கள் ஒன்றுகூடி அபிப்பிராயம் வெளியிட்டார்கள். சோதனையில் மார்க்கு குறைவது வேறு. மூளை நோய் வேறு. அன்றாட வேலையில் முன்னுக்கு இப்பொழுது என்ன மாறுதல் என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட நமக்கு இது முக்கியமான விஷயம். "உங்களுக்கு மூளையே கிடையாது" என்று சொல்லி ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலிலிருந்து விரட்டினார்கள். அந்தப் பேச்சு வைத்தியத்தின் பேரால் மறுபடி நுழைய இடங்கொடுக்கக் கூடாது.

இது இப்படியிருக்க, "பாவம் செய்தான், அனுபவிக்கிறான்" என்று சொல்லுகிற பெரிய மனிதர்களை நான் கேட்கிறேன்: தாயின் வயிற்றிலிருந்தே இந்தக் கிருமியோடு வந்த குழந்தை என்ன பாவம் செய்தது? புருஷனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்பிள்ளை என்ன பாவம் செய்தாள்? ஆஸ்பத்திரியில் ஏற்றின ரத்தத்தால் கிருமி வந்தவர் என்ன பாவம் செய்தார்? "அது முன் ஜன்மப் பாவம்" என்பீர்களானால், கர்ப்பிணிக்குக் காலத்தில் மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து குழந்தைக்குக் கூடக் கிருமி போவதில்லையே, ஒரு மாத்திரைக்கு அடங்குகிற முன் ஜன்மமும் ஒரு முன் ஜன்மமா?

புத்தி கலங்கினவர்களைக் கோவிலுக்கும் தர்காவுக்கும் சர்ச்சுக்கும் கொண்டுபோய்க் கட்டிப்போடுகிற வழக்கம் நம் நாட்டில் எல்லா மதத்திலும் உண்டு. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், ஒரு கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள், தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் வெந்து மடிந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்களல்ல. அவர்களும் நம்மைப் போன்ற தகப்பனும் தாயும் அண்ணனும் தம்பியும்தான். காரணம் தெரியாத அன்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நிற்க, மருந்து சாப்பிடுவதற்கு ஞாபகம் வேண்டும். ஞாபகத்தைக் காப்பாற்றுவதற்கு மருந்து வேண்டும். மறதியால் மாத்திரை தவறும். மாத்திரை தவறினால் கிருமி பெருகும். கிருமி பெருகினால் மறதி இன்னும் முற்றும். இந்தச் செக்குச் சுற்றை நிறுத்த வேண்டுமானால், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். கேட்க வேண்டுமானால் அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொல்லலாமென்றால், சொன்னால் வீட்டில் தட்டும் குவளையும் தனியாகிவிடுமே என்ற பயம்! டீக்கடையில் இரட்டைக் குவளை கூடாதென்று கோஷம் போடுகிற நாம், வீட்டுக்குள்ளே வியாதிக்காரனுக்குத் தனிக் குவளை வைக்கலாமா? குவளையாலோ, சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ இந்தக் கிருமி வருவதே இல்லை. அதுமட்டுமல்ல, மருந்தால் ரத்தத்தில் கிருமி காணப்படாத அளவில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து, தாம்பத்திய உறவினால் கூட அது அடுத்தவருக்குப் பரவுவதில்லை என்று விஞ்ஞானம் கண்டறிந்திருக்கிறது. ஆகவே, ஒரு வியாதிக்காரன் மறைத்து வாழும்படி நாம் செய்கிற ஒவ்வொரு நாளும், அவனுடைய மூளையைக் கெடுப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகையால் நாம் செய்ய வேண்டியவை என்ன? ஒன்று, யார் சொன்னாலும், எந்த விரதத்துக்கும் எந்தத் திருவிழாவுக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது. இரண்டு, வேலையில் தடுமாற்றம், கணக்கில் குழப்பம், பேச்சில் மந்தம், காரணமில்லாத சோர்வு இவை தெரிந்தால், மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர்களாகக் கேட்பார்களென்று காத்திருக்கக் கூடாது. கடுந்தலைவலி, காய்ச்சல், வலிப்பு, கை கால் விழுதல் இவை வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூளைக் காய்ச்சல் காத்திருக்காது. மூன்று, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியா உட்பட 12 தேசங்களில், எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரைக் கொண்டு நடந்து, 2023-ல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையில், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன. நான்கு, புகையையும் சாராயத்தையும் விட வேண்டும். தினம் நடக்க வேண்டும். நாலு பேரோடு பேசிப் பழக வேண்டும். ஐந்து, வீட்டில் ஒருவராவது துணை நிற்க வேண்டும். சந்தேகம் ஏதாவது இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்து, காசில்லாமல், பேர் சொல்லாமல் கேட்கலாம்.

தோழர்களே! நான் கடவுளைக் கும்பிட வேண்டாமென்று சொல்ல இன்றைக்கு வரவில்லை. கும்பிடுகிறவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கும்பிடட்டும். கும்பிடாதவர்கள் என்னைப் போல் அவசரப்பட்டு அடுத்தவன் குணத்தின் மேல் பழி போடாமலிருக்கட்டும். நம்முடைய பகுத்தறிவுக்கு இருப்பிடமே இந்த மூளைதான். அடுத்தவனுடைய மூளை நோகும்போது அதற்குக் காரணம் தேடாமல் சும்மா இருந்துவிட்டு, பகுத்தறிவைப் பற்றி மேடையில் பேச நமக்கு யோக்கியதை இல்லை. நாளைக் காலையில் உங்கள் தெருவில் ஒருவர் மந்தமாய், தடுமாறி நிற்பதைப் பார்த்தால், சிரிக்காமல், ஒதுங்காமல், "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். நான் சொல்லத் தவறிய அந்த ஒரு வார்த்தையை நீங்களாவது சொல்லுவீர்களானால், நான் இன்று பேசியதற்குப் பலன் கிடைத்ததாகும்.